சுறா மண்டபமும் முத்துச் சலாபமும்

நியூயார்க் மாநகரில் 1869ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், 2021 டிசம்பரில் சுறாமீன்களுக்கென்றே தனியானதொரு கண்காட்சியைத் திறந்து வைத்தது. அடுத்த ஆண்டில் அதனை நேரிற் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. உயிருள்ளவை போன்றே வடித்து நிறுத்திய சுறா உருக்கள் அங்கே வரிசை வரிசையாக இருந்தன. ஒரு சாணுக்கு மேற்படாத குள்ளச் சுறாவிலிருந்து, என்றோ அழிந்தொழிந்த மெகலோடான் என்னும் பேருருச் சுறா வரை, அவ்வினத்தின் பெருமை சிறுமைகளையெல்லாம் ஒரே கூரையின்கீழ்க் காண முடிந்தது. மெகலோடானுக்கென அமைத்த உரு மட்டும் 27 அடி நீளம். குழந்தைகள் அதன் எதிரே வந்ததும் பெற்றோரின் கைகளைப் பற்றிக்கொண்டனர். பெற்றோரும் சற்று விலகியே நின்றனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சுறா இனம் இவ்வுலகில் தோன்றி ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்பர். மரங்கள் தோன்றியதற்கும் முன்னர் சுறாக்கள் தோன்றிவிட்டன. இன்று உயிர்வாழும் சுறா வகைகள் 500க்கும் மேற்பட்டவை. அவற்றுள் மனிதனுக்கு ஊறு விளைவிக்கக் கூடியவை விரல்விட்டு எண்ணத் தக்கவையே. இவ்வளவு நெடிய வரலாறுடைய ஓர் உயிரினம் நமக்கு விட்டுச் சென்றிருக்கும் சான்றுகளோ மிகச் சில. சுறாவின் உடலில் எலும்பு கிடையாது, உள்ளதெல்லாம் குருத்தெலும்பே. அது மக்கி மறைந்துவிடும். எஞ்சுவது பெரும்பாலும் பல் ஒன்றுதான். வாழ்நாள் முழுவதும் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருப்பதால், ஒரு சுறா ஆயிரக்கணக்கான பற்களைக் கடலடியில் உதிர்த்துவிட்டுப் போகிறது. ஆகவே, பழங்காலச் சுறாவைப் பற்றி அறிஞர் எழுதுவதில் பெரும்பகுதி பல்லைப் பார்த்து உடலை ஊகித்ததுதான்.

இந்தப் பல்லுக்குத் தனியே ஒரு வரலாறு உண்டு. மால்ட்டாத் தீவின் பாறைகளில் முக்கோண வடிவான கற்கள் ஏராளமாகக் கிடைத்தன. ஐரோப்பியர் அவற்றை 'நாக்குக் கல்' என்று அழைத்து, நச்சு முறிக்கும் மருந்தெனப் போற்றி வந்தனர். வானிலிருந்து அவை விழுவதாக நம்பியவர்களும் உண்டு. 1666ஆம் ஆண்டு அக்டோபரில் இத்தாலியில் லிவோர்னோத் துறைமுகத்தின் அருகே பெரியதொரு சுறா பிடிபட்டது. அதன் தலையை ஃபிளாரன்ஸ் நகருக்குக் கொண்டுவரச் செய்த மெடிச்சிக் கோமகன் இரண்டாம் ஃபெர்டினாண்டோ, டென்மார்க் நாட்டினரான ஸ்டெனோ என்னும் உடற்கூற்று அறிஞரிடம் அதனை ஒப்படைத்தார். அறுத்துப் பார்த்த ஸ்டெனோ, அத்தலையின் பற்களும் மால்ட்டாவின் நாக்குக் கற்களும் ஒன்றே எனக் கண்டு, 1667இல் நூலாக எழுதி வெளியிட்டார். நிலவியல் என்னும் கல்வித்துறை முளைவிட்ட இடங்களுள் அந்த அறுவை மேசையும் ஒன்று எனலாம்.

கடல்வாழ் உயிரின் உடல் எங்ஙனம் நிலத்தின் நடுவே கல்லாய்க் கிடக்கக் கூடும் என்னும் வினா ஸ்டெனோவிற்கு நெடுங்காலம் முன்னரே நம் முன்னோரிடையே எழுந்திருக்கிறது. பதினொன்றாம் நூற்றாண்டில் அல் பீரூனி, அரபுப் பாலைவனம் ஒருகாலத்தில் கடலாயிருந்தது என்று துணிந்து எழுதினார். அங்கே கிணறு தோண்டும்போது வெளிப்படும் கற்களை உடைத்தால் உள்ளே சிப்பிகளும் சோழிகளும் காணப்படுவதை அவர் சான்றாகக் காட்டினார். அவர் காலத்தவரான இப்னு ஸீனாவும் உயிர்களின் உடல் கல்லாக மாறும் விதத்தைத் தம் 'ஷிஃபா' நூலில் ஆராய்ந்துள்ளார். அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பேழையிலுள்ள கற்பல்லைப் பார்க்கையில் இப்பெயர்கள் நம் நினைவுக்கு வருவது இயல்பே.

பல்லைக் கொண்டு உடலை ஊகிப்பதில் தவறும் நேரும். நேர்ந்த இடம் இதே அருங்காட்சியகம். இங்கே மீன்பிரிவின் தலைவராயிருந்த பாஷ்ஃபோர்ட் டீன், 1909ஆம் ஆண்டில் மெகலோடானின் கற்பற்களைக் கோத்துப் பெரியதொரு தாடையை உருவாக்கினார். (இவர் மீன்களை ஆராய்ந்ததோடு, அதே நகரின் கலைக்கூடத்தில் பழங்காலக் கவசங்களுக்கும் படைக்கலங்களுக்கும் காப்பாளராக இருந்தவர். போர்க்கருவிகளில் ஊறிய மனம் தாடையிலும் கொஞ்சம் வேலை செய்திருக்குமோ என்னவோ!) அத்தாடையின் உள்ளே மனிதர்கள் நின்றும் அமர்ந்தும் எடுத்துக்கொண்ட நிழற்படம் உலகெங்கும் பரவியது. அந்த வாயை வைத்துக் கணக்கிட்டவர்கள், மீனின் நீளம் 30 மீட்டர் வரை இருக்கும் என்றார்கள். ஆனால், சுறாவின் வாயில் முன்பற்கள் பெரியவை. ஓரத்துப் பற்கள் சிறியவை. டீன் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் பெரும் பற்களையே பொருத்திவிட்டார். குருத்தெலும்பையும் வேண்டியதற்கு மேல் அகலமாக்கிவிட்டார். 1973ஆம் ஆண்டில் ஜான் ரேண்டல் என்னும் மீனியல் அறிஞர், இன்றுள்ள வெண்சுறாவின் பல்லையும் உடலையும் அளந்து ஒப்பிட்டு, மெகலோடானின் நீளம் 13 மீட்டர் அளவே என்று எழுதினார். அதன்பின் வந்தோர் அளவைக் கூட்டியும் குறைத்தும் வந்தனர். 2025இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மெலிந்து நீண்ட உடலினதாக அது 24 மீட்டர் வரையும் வளர்ந்திருக்கலாம் என்கிறது. உடல் எவ்வளவு நீண்டதாயினும், டீனின் தாடை பெரிதாகக் கட்டப்பட்டது என்னும் முடிவு மட்டும் மாறவில்லை.

மிகையாக அஞ்சுவது ஒரு தவறு. அஞ்ச வேண்டிய அளவுக்கும் அஞ்சாதிருப்பது இன்னொரு தவறு. அந்த இரண்டாவது தவறும் அதே அருங்காட்சியகத்தில், அதிகக் காலம் கழியாமலே நிகழ்ந்தது. 1891ஆம் ஆண்டில் நியூயார்க்கின் பெருஞ்செல்வரான ஹெர்மன் ஓல்ரிக்ஸ், அமெரிக்கக் கிழக்குக் கரையின் குளிர்ந்த கடலில் உயிருள்ள மனிதனைச் சுறா கடித்ததாக மெய்ப்பிப்போருக்கு 500 டாலர் பரிசு என அறிவித்தார். பரிசை வாங்க ஒருவரும் வரவில்லை. இதைக் கண்டு, சுறா மனிதனைத் தாக்கும் என்பது மாலுமிகளின் கட்டுக்கதையே என்னும் எண்ணம் படித்தவர்களிடையே வேரூன்றிற்று. அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஃபிரெடெரிக் லூக்காஸும் இக்கருத்தினரே. மனிதனின் கால் எலும்பைத் துண்டிக்கும் வலிமை சுறாவின் தாடைக்கு இல்லை என அவர் கருதினார். 1916 ஜூலை முதல் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் நியூஜெர்சிக் கரையில் சுறா கடித்து நால்வர் உயிரிழந்தனர். ஒரு சிறுவன் காயமுற்றான். உயிரிழந்தோருள் இருவர் கடலில் அல்ல, கடலை விட்டுத் தள்ளியுள்ள மட்டவான் ஓடையில் தாக்குண்டவர்கள். முதலில் ஒரு சிறுவன். பிறகு அவனைத் தேடி நீரில் இறங்கிய இளைஞர்.

ஏழே ஆண்டுகளின் இடையில் ஒரே அருங்காட்சியகம், சுறாவை உள்ளதினும் பெரிதாகவும் உள்ளதினும் எளிதாகவும் எண்ணியிருக்கிறது. அதற்கு அடுத்த தலைமுறைகள் மீண்டும் மிகையான அச்சத்திற்குத் திரும்பின. பீட்டர் பெஞ்ச்லியின் புதினம் 1974இலும் அதனைத் தழுவிய திரைப்படம் 1975இலும் வெளிவந்தபின், கடற்கரைக்குச் செல்லாதவர்கள்கூடச் சுறாவுக்கு அஞ்சினர். பிற்காலத்தில் பெஞ்ச்லியே மனம் வருந்திக் கடல் உயிர்களின் பாதுகாப்புக்காகப் பேசியும் எழுதியும் வந்தார் என்பதை அவருடைய புதினத்தைப் படித்தவர்களுள் பலர் அறியார்.

சுறாவை நூலகத்திலும் திரையிலும் அன்றி, நீருக்குள்ளேயே சந்தித்து வந்த மக்கள் அதனை எவ்வாறு மதிப்பிட்டனர்? விலங்குகளுக்கென அமைந்த மண்டபத்தில் இதற்கு விடை தேட முடியாது. அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. விடை நம் கடற்கரைகளில் இருக்கிறது.

அரபு மொழியில் சுறாவுக்குக் 'கிர்ஷ்' என்று பெயர். எகிப்தில் வாழ்ந்து 1405ஆம் ஆண்டில் மறைந்த தமீரி, 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் தம்முடைய விலங்கியற் பெருநூலில் இதனைப் பற்றி எழுதியிருக்கிறார். குறைஷ் குலத்தின் பெயர் இச்சொல்லிலிருந்தே பிறந்தது என்பது அரபுச் சொல்லாய்வாளர் கூறும் கருத்துக்களுள் ஒன்று. பிற கடல்விலங்குகளை உண்ணும், தான் எதற்கும் இரையாகாத விலங்கின் பெயர் வலிமை மிக்க குலத்திற்கு வழங்கிற்று என்பது அவர்கள் காட்டும் காரணம். ஒன்று திரண்டதனாலோ வணிகம் செய்ததனாலோ அப்பெயர் வந்தது என்போரும் உளர். எது சரியாயினும், கிர்ஷ் என்ற சொல் இழிவாகவோ அருவருப்பாகவோ அவர்கள் காதில் ஒலிக்கவில்லை என்பது தெளிவு.

பாரசீக வளைகுடாவில் முத்துக் குளிப்போரைப் பற்றிப் பத்தாம் நூற்றாண்டினரான அல் மஸ்ஊதி எழுதியுள்ள செய்தி கவனிக்கத் தக்கது. கடல் விலங்குகள் விழுங்கிவிடாதிருக்கும் பொருட்டு அவர்கள் கால்களிலும் தொடைகளிலும் கரிய பூச்சைப் பூசிக்கொள்வார்களாம். கருநிறத்தைக் கண்டு அவ்விலங்குகள் விலகும் என்பது நம்பிக்கை. கடலடியில் நாய் குரைப்பது போன்ற ஒலியை எழுப்பி ஒருவருக்கொருவர் செய்தி தெரிவிப்பார்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார். பூச்சால் பயன் உண்டா இல்லையா என்பது வேறு. ஆபத்து உண்டு என்று அறிந்து, அதற்கென ஒரு முன்னேற்பாட்டைச் செய்துகொண்டு, பின்னர் தொழிலுக்கு இறங்கினார்கள் என்பதே நாம் காண வேண்டியது.

நம்முடைய மன்னார் வளைகுடாவிலும் இதுவே முறையாயிருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பை விரிவாக எழுதியிருக்கிறார். குளிப்போரைப் பெருமீன்கள் தீண்டாதபடி மந்திரத்தால் கட்டுவோர்க்கு, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது. அரசனுக்குச் சேர்வது பத்தில் ஒரு பங்கு. அக்கட்டு பகலுக்கு மட்டுமே உரியது. இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். மீன்கள் தம் விருப்பம்போல் திரியும். இரவில் களவாக இறங்கிச் சிப்பி எடுப்போரைத் தடுக்க இதைவிட மலிவான காவல் வேறு உண்டா என்று நாம் வியக்கிறோம். வரி விதித்த அரசனுக்கும் அது உவப்பாகத்தான் இருந்திருக்கும்.

இத்தொழிலைச் செய்தவரைக் 'கடற்கட்டி' என்று நம் கரையோர மக்கள் அழைத்தனர். ஐரோப்பியர் ஆட்சி வந்தபின்னும் கடற்கட்டி மறையவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் உயர்பதவி வகித்த எமர்சன் டென்னன்ட், இவ்வுரிமை ஒரே குடும்பத்தில் வழிவழி வந்ததென்றும், அக்கடற்கட்டிக்கு அரசாங்கமே ஊதியம் அளித்ததென்றும் எழுதியுள்ளார். மந்திரத்தில் நம்பிக்கையற்ற ஆங்கில அதிகாரி ஏன் இதற்குப் பணம் கொடுத்தார்? கடற்கட்டி கரையில் நில்லாவிடில் தோணிகள் புறப்படா. தோணிகள் புறப்படாவிடில் கருவூலத்துக்கு வருவாய் இல்லை. அத்தோணிகளில் இறங்கியவர்களோ ஒரே சமயத்தவர் அல்லர். கீழக்கரை, காயற்பட்டினம் முதலிய ஊர்களின் முஸ்லிம்களும், தூத்துக்குடிக் கரையின் கத்தோலிக்கப் பரதவர்களும் அருகருகே மூழ்கினார்கள். முத்தின் உரிமை பற்றி இவ்விரு சாராருக்கும் இடையே பதினாறாம் நூற்றாண்டில் மூண்ட பூசலும், அதில் போர்ச்சுக்கீசியர் புகுந்ததும் வேறு வரலாறு. கடலுக்கடியில் இருவர்க்கும் அச்சம் ஒன்றே.

அந்த வேலையை நாம் கொஞ்சம் மனக்கண்ணால் பார்க்க வேண்டும். ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழம். கனத்த கல்லொன்றில் காலை வைத்துக் கயிற்றோடு இறங்குவர். மூக்கைக் கையால் பொத்திக்கொள்வதே நம் நாட்டார் வழக்கம். அரபுக் குளியாளர்கள் மூக்கிற்குக் கொம்பாலான கவ்வி மாட்டுவர். அடியில் நிற்கும் நேரம் ஒரு நிமிடம், அல்லது அதற்குச் சற்று மேல். அதற்குள் கைகளால் துழாவிச் சிப்பிகளை வலைப்பையில் நிரப்பிக் கயிற்றை அசைத்தால், தோணியில் கயிறு பிடித்திருப்பவர் மேலே இழுத்துவிடுவார். சற்று இளைப்பாறி மீண்டும் இறங்க வேண்டும். இவ்வாறு நாளெல்லாம், வாரக்கணக்கில். 1905ஆம் ஆண்டு இலங்கைச் சலாபத்தில் ஏறத்தாழ 5,000 குளியாளர் இறங்கி, 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகளை எடுத்தனர். இத்தனை மனிதர் இத்தனை முறை சுறா திரியும் நீரில் மூழ்கியும், இலங்கைச் சலாபங்களில் சுறாவால் நேர்ந்த விபத்து மிக அரிது என்பதை டென்னன்ட் முதலாயினோர் வியப்போடு எழுதியுள்ளனர். தோணிகளின் நெருக்கமும் ஓயாத ஆரவாரமும் சுறாவை அகற்றியிருக்கலாம் என்பது பலரும் கருதியது.

எனினும், எப்போதும் அவ்வாறே நடந்துவிடவில்லை. 1885 முதல் 1908 வரை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்புக்களை நேரில் ஆராய்ந்தவர். ஒரு சலாபத்தில் குளியாளர் ஒருவரைச் சுறா கடித்துவிட்டதைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். தோணிகளில் அச்சம் பரவிற்று. குளியாளர்கள் மந்திரம் அறிந்த ஒரு பெண்மணியை அமர்த்திக்கொண்டனர், அச்சம் தணிந்தது. ஆனால் மீண்டும் சிலர் கடியுண்டனர். காற்றும் நீரும் வாய்ப்பாயிருந்தும், தோணிகள் நிறைய இருந்தும், சிப்பிக்கு நல்ல விலை கிடைத்தும், சலாபத்தையே கைவிட வேண்டியதாயிற்று. தர்ஸ்டன் இதனைச் சற்று நகையாகவே எழுதுகிறார். நமக்கு அதில் நகைப்பதற்கு ஒன்றும் தென்படவில்லை. முதற் கடிக்குப் பின் மனத்தைத் தேற்றிக்கொண்டு இறங்கியவர்கள், கடி தொடர்ந்தபோது நல்ல கூலியையும் உதறிவிட்டுக் கரையேறினார்கள். எது வரை அஞ்சாதிருப்பது, எப்போது அஞ்சி விலகுவது என்னும் கணக்கு அவர்களிடம் இருந்தது. நியூயார்க்கின் இயக்குநர் 1916இல் கற்றுக்கொண்ட பாடத்தை இவர்கள் முன்னமே அறிந்திருந்தார்கள்.

சுறா இனத்துக்கும் முத்துக்கும் இன்னொரு தொடர்பையும் அறிஞர் கண்டதாகச் சொன்னார்கள். 1902ஆம் ஆண்டில் இலங்கை முத்துப் பார்களை ஆராய வந்த லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனும், அவருடைய துணைவராய் வந்து பின்னாளில் சென்னை மாகாண மீன்துறை இயக்குநரான ஜேம்ஸ் ஹார்னெல்லும், சிப்பிக்குள் புகும் ஒரு நாடாப்புழுவின் இளம்பருவத்தைச் சுற்றியே நல்முத்து உருவாகிறது என்றனர். அப்புழு முழு வளர்ச்சி அடைவது சிப்பியைத் தின்னும் திருக்கை மீனின் குடலில். திருக்கையோ சுறாவுக்கு நெருங்கிய உறவு. அதற்கும் உள்ளது குருத்தெலும்பே. அப்படியாயின், முத்துப் பாருக்குப் பகை என்று கருதப்பட்ட மீனே முத்துக்குக் காரணமாகவும் ஆகிறது! இக்கொள்கையைப் பின்வந்தோர் மறுத்தனர். முத்துக்கள் எல்லாவற்றிற்கும் புழுவே காரணம் என்று இன்று எவரும் சொல்வதில்லை. ஆயினும், பாரில் வாழ்வன ஒன்றையொன்று சார்ந்தவை என்று அவ்விருவரும் கருதியதில் பிழை இல்லை.

இன்றைய நிலை என்ன? 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் உலகளாவிய ஆய்வு, பெருங்கடற் சுறாக்களும் திருக்கைகளும் 1970க்குப் பின் 71 சதவீதம் குறைந்துவிட்டன என்று கணக்கிட்டிருக்கிறது. மிகையான மீன்பிடிப்பே அதன் காரணம். சுறா பிடிப்பதில் முன்னணியில் நிற்கும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. மீன்களிலேயே பெரியதான திமிங்கிலச் சுறாவை 2001இல் நம் அரசு சட்டத்தால் பாதுகாத்தது. சுறாத் துடுப்பு ஏற்றுமதியை 2015இல் தடை செய்தது. வாளைப் போன்ற நீண்ட மூக்குடைய வேளா மீனின் நிலைதான் எல்லாவற்றிலும் இரங்கத் தக்கது. சுறாவைப் போன்ற தோற்றமுடைய திருக்கை இனம் அது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர், சினைச்சுறவின் கொம்பை நட்டு வழிபட்டதாகப் பட்டினப்பாலை பாடுகிறது. அக்கொம்பு வேளாவின் மூக்கே என்பர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கரையில் நட்டு வைக்குமளவு கிடைத்த அம்மீன், இன்று நம் கடலில் வலையில் பட்டால் செய்தியாகிறது.

முத்துச் சலாபமும் முடிந்துவிட்டது. தூத்துக்குடிக் கரையில் 1955இல் தொடங்கி நடந்த சலாபங்கள் 1961உடன் நின்றுபோயின. பின்னர் 1973இல் அதே தூத்துக்குடியில் விஞ்ஞானிகள் வளர்ப்பு முத்தை உண்டாக்கினர்.  அந்தக் கடைசிச் சலாபங்களில் இளைஞராயிருந்து மூழ்கியவர்கள் எவரேனும் கீழக்கரையிலோ காயற்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ இன்று உயிரோடிருப்பின், அவர்கள் எண்பது வயதைக் கடந்தவர்களாக இருப்பர். இப்பக்கத்தைப் படிக்கும் இல்லங்களிலேயே அத்தகைய பெரியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருக்கவும் கூடும். நீருக்கடியில் அவர் சுறாவைக் கண்டாரா? எந்தெந்தச் சுறாவுக்கு என்ன பெயர் சொன்னார்கள்? அது எதிர்ப்பட்டபோது அசையாது நின்றாரா, கயிற்றை இழுத்தாரா? மறுநாள் இறங்கினாரா? இவற்றைக் கேட்டு எழுதி வைக்க ஒரு பள்ளிக்கூடத்துக் குறிப்பேடு போதும்.